சிறைக்கு ஆங்கிலத்தில் எத்தனை பெயர்? இந்தியச் சட்டமொழியில் சில சொற்களின் வரலாறு

1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம் 'பிரிசன்' என்ற சொல்லை வரையறுக்கும் வாக்கியம், மொழியியல் மாணவர் எவரும் ஒருமுறையேனும் நின்று படிக்கத் தக்கது. கைதிகளின் 'டிடென்ஷ'னுக்காக அரசின் ஆணைப்படி பயன்படுத்தப்படும் எந்த 'ஜெயிலும்', எந்த இடமும் 'பிரிசன்' ஆகும். ஆனால் முற்றிலும் காவல்துறையின் 'கஸ்டடி'யில் மட்டுமே உள்ளவர்களின் 'கன்ஃபைன்மென்ட்'டுக்கான இடம் 'பிரிசன்' ஆகாது. இதுவே அவ்வரையறையின் சாரம். ஒரே வாக்கியத்தில் ஐந்து சொற்கள். 1852இல் பீட்டர் மார்க் ரோஜே வெளியிட்ட புகழ்பெற்ற சொற்களஞ்சியத்தின் வழிவந்த எந்தப் பதிப்பைப் புரட்டினாலும் இவை அக்கம்பக்கத்து வீட்டார் போல அடுத்தடுத்து நிற்கும். சட்டவரைவாளர் நடையழகு கருதி இவற்றை மாற்றி மாற்றி இட்டார் என்று கொள்ள முடியாது. சட்டமொழியில் நடையழகுக்கு இடமில்லை. சொல் மாறினால் பொருளும் மாறுகிறது என்பதே அதைப் படிப்பதற்கான பொதுவிதி.

அப்படியாயின் இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடுதான் என்ன? பூட்டும் கம்பியும் சுவரும் ஐந்துக்கும் ஒன்றே. உள்ளே இருப்பவரின் உடலுக்கு நேர்வதும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபடுவது வேறொன்று: அடைத்தவர் யாருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்பது. நீதிபதிக்கா, அமைச்சருக்கா, மருத்துவருக்கா, எவருக்குமே இல்லையா? இந்தியாவில் கடந்த இருநூறு ஆண்டுகளில், விசாரணையின்றி ஒருவரை அடைக்க வேண்டிய தேவை அரசுக்கு வந்தபோதெல்லாம் முதலில் தேடப்பட்டது புதிய கட்டடம் அன்று, புதிய சொல். இதை நான் மிகைப்படுத்திச் சொல்வதாக நினைப்பவர்கள் கீழே வரும் சான்றுகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

முதலில் வேர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 'பிரிசன்' என்பது பிடித்தல் என்ற பொருளுடைய இலத்தீன வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் அது இடத்தைக் குறிக்கவில்லை, பிடிக்கும் செயலைக் குறித்தது. 'ஜெயில்' சிறு கூண்டைக் குறித்த இலத்தீனச் சொல்லின் வழிவந்தது. நார்மன் பிரெஞ்சு வடிவம் ஒரு எழுத்துமுறையையும், பாரிசு வடிவம் மற்றொன்றையும் தந்ததால், 'ஜி' எழுத்தில் தொடங்கும் வடிவமும் 'ஜே' எழுத்தில் தொடங்கும் வடிவமும் நெடுங்காலம் அருகருகே வழங்கின. 'கஸ்டடி' காவலாளியின் பெயரிலிருந்து பிறந்தது. 'டிடென்ஷன்' பிடித்து நிறுத்தி வைத்தல். 'கன்ஃபைன்மென்ட்' எல்லை என்ற சொல்லை உள்ளடக்கியது. 'ரிஸ்ட்ரெயின்ட்' பின்னுக்கு இழுத்து இறுக்குதல். ஒன்று கையைப் பார்க்கிறது, ஒன்று கூண்டை, ஒன்று காவலனை, ஒன்று எல்லைக்கோட்டை. எதுவும் உள்ளே இருக்கும் மனிதரைப் பார்க்கவில்லை.

தமிழின் நிலை இதற்கு நேர்மாறானது. 'சிறை' என்ற பழஞ்சொல்லுக்கு நீரைத் தடுக்கும் அணை என்ற பொருளும் உண்டு; கல்லால் கட்டிய அணை கற்சிறை. ஓடுவதை நிறுத்துவது என்பதே அடிப்படைக் கருத்து. 'கைது' என்ற சொல்லில் 'கை' இருப்பதாகப் பலரும் எண்ணுகின்றனர். விலங்கு, கட்டு என்ற பொருளுடைய அரபுச் சொல் உருது வழியாக வந்து, நம் காதுக்குக் கையைப் போல ஒலிக்கிறது, அவ்வளவே. ஆங்கிலச் சட்டம் தமிழுக்கு வந்தபோது இந்தச் சொற்களைவிட அதிகச் சுமையைத் தாங்கியது 'காவல்' என்ற ஒற்றைச் சொல்தான். கடுங்காவல், வெறுங்காவல், தடுப்புக்காவல், வீட்டுக்காவல், நீதிமன்றக் காவல், போலீஸ் காவல் என்று அடைமொழி மாறுகிறதே தவிரத் தலைச்சொல் மாறுவதில்லை. தண்டனை பெற்றவரும் காவலில், குற்றம் சாட்டப்படாதவரும் காவலில். '15 நாள் நீதிமன்றக் காவல்' என்ற செய்தியைப் படித்துவிட்டு அதைத் தண்டனை என்று புரிந்துகொள்வோர் இன்றும் ஏராளம். ஆங்கிலத்தில் சொற்பெருக்கம் மறைத்ததைத் தமிழில் சொற்சுருக்கம் மறைக்கிறது என்று சொல்லலாம். ஆனால் இக்கட்டுரையின் களம் ஆங்கிலம், அங்கேயே திரும்புவோம்.

1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 339, 340 ஆகிய பிரிவுகள் சொற்பொருள் வகுப்பறையில் பாடமாக வைக்கத்தக்கவை. முதலாவது 'ரிஸ்ட்ரெயின்ட்' பற்றியது. ஒருவர் செல்ல உரிமையுள்ள திசையில் அவரைச் செல்லவிடாமல் தடுப்பது. சட்டமே தரும் எடுத்துக்காட்டில், நடக்க உரிமையுள்ள பாதையை ஒருவன் மறிக்கிறான். இரண்டாவது 'கன்ஃபைன்மென்ட்' பற்றியது. குறிப்பிட்ட எல்லையைத் தாண்டி எத்திசையிலும் செல்லவிடாமல் தடுப்பது; சுவர் சூழ்ந்த இடத்துக்குள் ஒருவரை விட்டுப் பூட்டுவது எடுத்துக்காட்டு. பூட்டே தேவையில்லை என்றும் அச்சட்டம் தெளிவுபடுத்துகிறது: வாயில்களில் துப்பாக்கி ஏந்தியவர்களை நிறுத்தி, வெளியேறினால் சுடுவார்கள் என்று சொன்னாலே போதும். முதலாவதற்கு ஒரு மாதம் வரை வெறுங்காவலும், இரண்டாவதற்கு ஓராண்டு வரை வெறுங்காவலோ கடுங்காவலோ விதிக்கலாம். ஒரு திசை மூடியிருந்தால் ஒரு சொல், எல்லாத் திசையும் மூடியிருந்தால் வேறு சொல். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவிலும் இந்த இரட்டை, 126, 127 என்று எண் மாறி அப்படியே தொடர்கிறது. மெக்காலேயின் பெயரைச் சொல்லி இகழ்வோரும் அவர் தொடங்கிவைத்த வரைவின் இந்தக் கூர்மையை விட்டுவிட மனம் கொள்ளவில்லை.

தனிமனிதன் மற்றொரு தனிமனிதனை அடைப்பதைக் குறிக்க இவ்வளவு துல்லியம் காட்டிய அதே ஆட்சி, அரசு ஒருவரை அடைப்பதைக் குறிக்க எந்தச் சொல்லைக் கையாண்டது? இதற்கு விடை தண்டனைச் சட்டத்துக்கு நாற்பது ஆண்டு மூத்த ஒரு சட்டத்தில் இருக்கிறது: 1818ஆம் ஆண்டின் வங்காள ஒழுங்குவிதி 3. கிழக்கிந்தியக் கம்பெனி இயற்றிய அவ்விதியின் தலைப்பில் 'கன்ஃபைன்மென்ட்' என்ற சொல் இருக்கிறது. முன்னுரைக்குள் நுழைந்தவுடன் சொல் மென்மையாகிவிடுகிறது. அரசுக் காரணங்களுக்காகச் சிலரைப் 'பெர்சனல் ரிஸ்ட்ரெயின்ட்'டின் கீழ் வைக்க நேரிடலாம் என்கிறது அது. யார் அந்தச் சிலர்? நீதிமன்ற நடவடிக்கை எடுக்கப் போதிய ஆதாரம் இல்லாதவர்கள். அல்லது அத்தகைய நடவடிக்கை பொருந்தாது என்று கருதப்படுபவர்கள். ஆதாரம் இல்லை என்பதே அடைப்பதற்கான தகுதியாக எழுதி வைக்கப்பட்ட சட்டம் அது. பாதையில் ஒரு திசையை மட்டும் மறிப்பதைக் குறிக்கப் பின்னாளில் ஒதுக்கப்பட்ட சொல், இங்கே ஆண்டுக்கணக்கில் கோட்டைக்குள் வைத்திருப்பதைக் குறித்தது.

அப்படி அடைக்கப்பட்டவருக்கு விதி சூட்டிய பெயர் 'ஸ்டேட் பிரிசனர்', அரசுக் கைதி. அவரைக் 'கஸ்டடி'யில் வைத்திருக்கும் அதிகாரி ஆண்டுதோறும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாள்களில் தலைமை ஆளுநருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கையின் பொருள்கள் மூன்று: கைதியின் நடத்தை, உடல்நலம், வசதி. குற்றம் என்ற நான்காவது பொருள் அதில் இல்லை, இருக்கவும் முடியாது. குடும்பத்துக்குப் படி வழங்கவும் ஏற்பாடு உண்டு. சொற்களை மட்டும் பார்த்தால் ஏதோ விருந்தினர் இல்லத்து விதிமுறை போலத் தோன்றும். சென்னை மாகாணம் 1819இலும் பம்பாய் 1827இலும் இதே மாதிரியில் தத்தம் விதிகளை இயற்றிக்கொண்டன. 1870இல் கல்கத்தா வணிகர் அமீர் கானுக்காக ஆட்கொணர்வு மனு தாக்கலானபோது, அந்த விதி செல்லும் என்று கூறி உயர்நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. 1897இல் பூனாவின் நாட்டு சகோதரர்கள் பம்பாய் விதியின்கீழ் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர்.

ஒரே ஊர், ஒரே ஆட்சி, மூன்று சொற்கள். இதற்கு மாண்டலேயைப் போல நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை. 1907 மே மாதம் லாலா லஜபதி ராய் லாகூரில் பிடிக்கப்பட்டு, 1818ஆம் ஆண்டு விதியின்கீழ் மாண்டலேக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அஜித் சிங்கும் அவ்வாறே. குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. இதற்கு அன்று வழங்கிய சொல் 'டிபோர்ட்டேஷன்', நாடு கடத்தல். லஜபதி ராய் தாம் எழுதிய நூலின் தலைப்பிலும் அச்சொல்லையே வைத்தார். ஆனால் பர்மா அன்று பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணம். 1937இல்தான் அது தனியே பிரிந்தது. கடத்தப்பட்டவர் எந்த நாட்டையும் விட்டு வெளியேறவில்லை. ஓராண்டு கழித்துத் திலகர் அதே ஊருக்கு வருகிறார். அவர்மீது இராஜத்துரோக வழக்கு நடந்து, தீர்ப்பு வந்து, ஆறாண்டு 'ட்ரான்ஸ்போர்ட்டேஷன்' விதிக்கப்பட்டது. பின்னர் அது வெறுங்காவலாக மாற்றப்பட்டு, 1914 வரை அவர் மாண்டலே சிறையில் இருந்தார். 1925இல் அதே சிறைக்குச் சுபாஷ் சந்திர போஸ் வருகிறார், மறுபடியும் வழக்கும் தீர்ப்பும் இல்லாமல். இம்முறை வழக்கில் இருந்த சொல் 'டெடென்யூ'.

சிறைவாசலில் இறங்கிய மூவருக்கும் வெயிலும் கொசுவும் ஒன்றுதான். ஆயினும் திலகரின் சொல்லுக்குப் பின்னால் ஒரு நீதிபதி இருந்தார், சான்றுரைகள் இருந்தன, விடுதலைக்கு ஒரு தேதி இருந்தது. மற்ற இருவரின் சொற்களுக்குப் பின்னால் அரசுச் செயலாளரின் கையொப்பம் மட்டுமே. லஜபதி ராய் ஆறு மாதத்தில் விடுவிக்கப்பட்டார். அதற்கும் காரணம் சொல்ல வேண்டிய கடமை எவருக்கும் இருக்கவில்லை.

'ட்ரான்ஸ்போர்ட்டேஷன்' என்ற சொல்லின் கதை தனி. இலத்தீனத்தில் அப்பால் சுமந்து செல்லுதல். தமிழில் அக்காலத்தில் 'தீவாந்தர சிட்சை' என்றனர். வட இந்தியாவில் காலாபானி. 1896 தொடங்கி 1906 வரை கட்டப்பட்ட போர்ட் பிளேர் செல்லுலார் சிறையை நினைத்தால் சொல்லும் பொருளும் ஒத்துப்போகின்றன: கடல் கடந்த தீவு, ஏழு சிறகுகள், ஆளுக்கு ஓர் அறை. ஆனால் சொல் போன இடமெல்லாம் கப்பல் போகவில்லை. 1908இல் வ.உ.சிதம்பரனாருக்குத் திருநெல்வேலியில் விதிக்கப்பட்டது ஆயுள்காலத் தீவாந்தரம், அதுவும் இரட்டை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது; அவர் செக்கிழுத்தது கோயம்புத்தூர்ச் சிறையில், பின்னர் இருந்தது கண்ணூர்ச் சிறையில். அந்தமான் மண்ணை அவர் மிதிக்கவே இல்லை. இந்த முரண் கடைசியில் இலண்டன் வரை சென்றது. லாகூர் சதி வழக்கில் ஆயுள்கால 'ட்ரான்ஸ்போர்ட்டேஷன்' பெற்ற கிஷோரி லால் லாகூர்ச் சிறையிலேயே வைக்கப்பட்டிருந்தார். எங்கும் கொண்டுசெல்லப்படாத ஒருவரை எப்படி அப்பால் அனுப்பப்பட்டவராகக் கருத முடியும் என்ற கேள்விக்குப் பிரிவி கவுன்சில் 1945இல் விடையளித்தது: கடல் கடந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை, உள்நாட்டுச் சிறையில் இருந்தவாறே அத்தண்டனையை அனுபவிக்கலாம். சொல்லின் வினைப்பகுதி முழுவதும் உதிர்ந்து, காலஅளவு மட்டும் எஞ்சியது. பத்தாண்டுக்குப் பின், 1955ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அச்சொல்லையே எடுத்துவிட்டு 'ஆயுள் சிறை' என்பதை அதன் இடத்தில் வைத்தது.

'டெடென்யூ'வுக்கு வருவோம். பிரெஞ்சில் இது சாதாரணமாகச் சிறைக்கைதியைக் குறிக்கும் சொல். தண்டனை பெற்றவரும் அங்கே 'டெடென்யூ'தான். ஆங்கிலத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்தபோது இதன் பொருள் சுருங்கியது. தண்டனை பெறாமலே அடைக்கப்பட்டவர் என்ற ஒரே பொருளுக்கு அது ஒதுங்கிக்கொண்டது. பிரித்தானிய ஆங்கிலம் இன்று 'டிடெய்னீ' என்று எழுதும் இடத்தில், நம் உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் இன்னும் 'டெடென்யூ' என்றே எழுதுகின்றன. 1920களின் வங்காளத்து அவசரச் சட்டங்களில் வேரூன்றிய வழக்கு, குடியரசு வந்தும் பெயரவில்லை. சொற்பொருள் சுருக்கத்துக்கு வகுப்பறையில் எடுத்துக்காட்டுத் தேடுவோர் ஆங்கிலேயப் பாடநூலின் பழகிப்போன சான்றுகளை விட்டு இதை எடுத்துக்கொள்ளலாம்.

இதன் அண்டைச் சொல் 'இன்டர்ன்மென்ட்'. உள் என்ற பொருளுடைய வேர். பிரெஞ்சில் ஒருவரை நாட்டின் உட்பகுதிக்கு அனுப்பி, குறித்த இடத்தைவிட்டு அகலாமல் வைப்பது. 1871இல் பிரஷ்யப் படைக்குத் தோற்றுச் சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்த ஏறத்தாழ 87,000 பிரெஞ்சு வீரர்கள் அப்படித்தான் வைக்கப்பட்டனர். போர்க்காலத்துக்கும் அயல்நாட்டாருக்கும் உரிய இச்சொல், 1915ஆம் ஆண்டு இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் துணையுடன் சொந்தக் குடிமக்கள்மீது திரும்பியது. முகமது அலி, சௌகத் அலி சகோதரர்கள் அவ்வாண்டிலேயே அதற்கு ஆளாகி, கடைசியாகச் சிந்துவாராவில் வைக்கப்பட்டனர். 1917 ஜூனில் சென்னை ஆளுநர் பென்ட்லண்டின் அரசு அன்னி பெசன்டை, அருண்டேல், வாடியா ஆகியோருடன் உதகையில் இருத்தியது. சிறையில்லை, சங்கிலியில்லை, மலைவாச வீடு; 'இன்டர்ன்மென்ட்' என்ற சொல்லின் நயம் அங்கே முழுமையாகப் பொருந்தியது. அவ்வாண்டு செப்டம்பரில் விடுதலை, டிசம்பரில் காங்கிரஸ் தலைமை. வீடும் மலையும் கிடைக்காதவர்களும் இதே சொல்லால் ஆளப்பட்டனர். இதன் எதிர்ச்சொல்லான 'எக்ஸ்டர்ன்மென்ட்' ஆங்கிலேயர் நாட்டில் அரிதாகி, நம் நாட்டில் நலமாக வாழ்கிறது. 1951ஆம் ஆண்டின் பம்பாய்க் காவல் சட்டத்தில் அதற்குத் தனிப் பிரிவுகளே உண்டு. மராட்டியத் தெருவழக்கில் அதன் பெயர் தடீபார்.

மாண்டலேக்கு உள்நாட்டில் ஓர் இணை தேவ்லி. இராஜபுதனத்து வறண்ட நிலத்தில் அமைந்த அந்த முகாமில் 1930களில் வங்காளத்து 'டெடென்யூ'க்கள் இருந்தனர். இரண்டாம் உலகப்போர் தொடங்கியபின் ஜெயப்பிரகாஷ் நாராயண் உள்ளிட்ட சோசலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் 'செக்யூரிட்டி பிரிசனர்' என்ற பெயருடன் வந்தனர். 1941இல் அவர்கள் நடத்திய உண்ணாவிரதம் நாடறிந்தது. அவர்களுக்குப் பின் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் பிடிக்கப்பட்ட ஜப்பானியக் குடிமக்கள் 'இன்டர்னீ'க்களாக. 1962 போரையடுத்து, அஸ்ஸாமிலும் வங்காளத்து மலைப்பகுதிகளிலும் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேர், குழந்தைகளும் முதியவர்களும் உட்பட, அதே தேவ்லிக்கு ரயிலேற்றப்பட்டனர். சிலர் 1967 வரை அங்கிருந்தனர். அவர்களுள் பலர் இந்நாட்டில் பிறந்தவர்கள். பகைநாட்டாருக்கான சொல்லை ஒருவர்மீது வைத்த பிறகு, அவர் பிறந்த ஊரைப் பற்றிய கேள்வி எழுவதற்கே வழியில்லாமல் போகிறது.

விடுதலை இந்தியாவின் அரசமைப்பு இவற்றுள் எதைத் தேர்ந்தது? 'டிடென்ஷ'னை, அதற்கு முன் 'பிரிவென்டிவ்' என்ற அடைமொழியை. இன்றைய 22ஆம் உறுப்பு 1949 செப்டம்பரில் விவாதத்துக்கு வந்தபோது மகாவீர் தியாகி அவையில் கசப்புடன் பேசினார். வரைவுக்குழுவினர் அப்பணியில் அமர்வதற்கு முன்பு சிறைக்காவலைத் தாமே ஒருமுறை அனுபவித்திருக்கலாகாதா என்ற ஏக்கத்தை வெளியிட்டார். அம்பேத்கரின் தரப்பு வேறு: தனிமனித உரிமைக்கு விட்டுப்போன பாதுகாப்பில் ஒரு பகுதியையேனும் இவ்வுறுப்பு மீட்டுத் தருகிறது என்பது. இருவர் சொன்னதும் உண்மையே. கைதுக்கு 24 மணி நேர வரம்பு விதித்த அதே உறுப்பு, தடுப்புக்காவலுக்கு அந்த வரம்பு பொருந்தாது என்றும் சொன்னது. குடியரசான ஒரு மாதத்தில், 1950 பிப்ரவரி இறுதியில், தடுப்புக்காவல் சட்டம் நிறைவேறியது. ஓராண்டுக்கு மட்டும் என்று தொடங்கி 1969 முடியும்வரை நீட்டிக்கப்பட்டது.

அதன் முதல் பெரும் வழக்கு ஏ.கே.கோபாலன் எதிர் சென்னை மாநிலம். 1947 டிசம்பரிலிருந்தே அடைபட்டிருந்த கோபாலனிடம், 1950 மார்ச் 1 அன்று புதிய சட்டத்தின்படி புதிய ஆணை சிறைக்குள்ளேயே வழங்கப்பட்டது. அறை மாறவில்லை, சொல் மட்டும் மாறியது. அவருக்காக வாதிட்ட எம்.கே.நம்பியார் எழுப்பிய கேள்வி ஒருவகையில் சொற்பொருள் கேள்விதான்: அடைத்து வைப்பது ஒருவரின் நடமாட்டத்தைத் தடுப்பதாகாதா? ஆகுமெனில், நடமாடும் உரிமைமீதான தடை நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராய வேண்டும். அது வேறு, இது வேறு என்றது பெரும்பான்மை. நடமாடும் உரிமை வெளியில் இருப்பவருக்கு. உள்ளே இருப்பவர் தன்னுரிமையையே இழந்தவர், அவர் அந்த உறுப்பை நாட முடியாது. நீதிபதி ஃபசல் அலி மட்டும் சொல்லின் இயல்பான பொருளில் நின்று, அடைப்பது நடமாட்டத்தை நேரே தாக்குகிறது என்று மாறுபட்டார். மொழியறிந்தவர் எவருக்கும் அவர் கூற்றே சரியெனப் படும். ஒரு திசையை மறித்தால் கேள்வி கேட்கலாம், எல்லாத் திசையையும் மறித்தால் கேட்கலாகாது என்ற நிலையை மொழி தாங்காது. பெரும்பான்மையினர் இசைந்து நீக்கிய ஒரே பகுதி 14ஆம் பிரிவு. அடைத்ததற்கான காரணங்களை நீதிமன்றத்திடமே வெளியிடக் கூடாது என்றிருந்த பிரிவு அது. உரிமைகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பார்க்கும் அந்தத் தர்க்கத்தை 1970இல் கூப்பர் வழக்கும் 1978இல் மேனகா காந்தி வழக்கும் உடைத்தன. இடையில் மிசா வந்து போயிருந்தது.

சொல்லுக்குப் பின்னால் ஒளிவதை நேருக்கு நேர் பெயர் சொல்லிக் கண்டித்தவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். 1978இல் சுனில் பத்ரா வழக்கு. மரண தண்டனை பெற்றவரைத் திகார் சிறையில் தனியறையில் அடைத்திருந்தனர். இது தனிமைச் சிறை அன்று, சிறைகள் சட்டத்தின் 30ஆம் பிரிவு கூறும் காவல் மட்டுமே என்றது நிர்வாகம். தனிமைச் சிறை என்ற தண்டனையை நீதிமன்றம் மட்டுமே விதிக்க முடியும். அதிலும் ஒருசேரப் பதினான்கு நாள்களுக்கு மேல் கூடாது, மொத்தம் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது என்று தண்டனைச் சட்டம் எல்லை வகுத்திருந்தது. பெயரை மாற்றினால் அந்த எல்லைகள் கரைந்துவிடும். அரசியல்சாசன அமர்வு அதை ஏற்கவில்லை. 1980இல் நிரஞ்சன் சிங் வழக்கில் அவர் மேலும் வெளிப்படையாக எழுதினார். ஆளைப் பிடித்தோம், கைது செய்யவில்லை. விசாரிக்க நிறுத்தி வைத்தோம், முறையான 'கஸ்டடி'யில் எடுக்கவில்லை என்றெல்லாம் சொல்வதைச் சட்டத்தின் நேர்மையிலிருந்து நழுவும் கண்ணாமூச்சி ஆட்டமாகவே அவர் கண்டார். 24 மணி நேரக் கடிகாரம் 'கைது' என்ற சொல் எழுதப்படும் வினாடியிலிருந்தே ஓடத் தொடங்கும். ஆகவே அச்சொல்லை எழுதாமல் ஒத்திப்போடுவதில் எவ்வளவு ஆதாயம் என்பதை அவர் அறிந்திருந்தார். 1948இல் மலபாரில் வழக்கறிஞராக இருந்தபோது அவரே ஒரு மாதமளவு சிறையில் இருந்தவர் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளலாம்.

இந்திய ஆங்கிலம் தானே ஆக்கிக்கொண்ட சொல் ஒன்றும் உண்டு: 'அண்டர்ட்ரையல்'. விசாரணையின்கீழ் என்ற தொடரை அப்படியே பெயர்ச்சொல்லாக்கி, பன்மை விகுதியும் சேர்த்தாயிற்று. மனிதரின் பெயர்ச்சொல்லாக ஒரு முன்னிடைச்சொல் நிற்கிறது. 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் இவர்கள். நான்கில் மூன்று பங்கு. 'பிரிசனர்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழும் தண்டனைக் கைதி, எண்ணிக்கையில் பார்த்தால், சிறுபான்மை.

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுப்பார். ஆங்கிலத்தின் 'யூஃபெமிசம்' என்ற ஒற்றைக் கலைச்சொல்லைவிட இப்பகுப்பு நமக்குப் பயன்படும் என்பது என் கருத்து. 'கஸ்டடி', 'ரிமாண்ட்' போன்றவை காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய குழூஉக்குறிகள். வெளியார்க்கு அவற்றின் நுட்பம் புரியாது. 'பெர்சனல் ரிஸ்ட்ரெயின்ட்' இடக்கரடக்கல். சொல்லத் தகாததை வேறு வாய்பாட்டால் மறைப்பது. மூன்றாவதான மங்கலத்துக்கு இன்றைய நாளில் பஞ்சமில்லை. சென்னையில் 1837இல் எழுந்த சிறைக்குப் 'பெனிடென்ஷியரி' என்று பெயர். கழிவிரக்கம் கொள்ளும் இடம் என்பது வேர்ப்பொருள். மேற்கு வங்காளம் 1992இல் இயற்றிய சட்டத்தால் அங்குள்ள சிறைகள் 'கரெக்ஷனல் ஹோம்' ஆயின. திருத்தமும் வீடும் ஒரே பெயரில். 2023இல் நடுவண் அரசு வெளியிட்ட மாதிரிச் சட்டமும் 'கரெக்ஷனல்' என்ற சொல்லைத் தலைப்பிலேயே தாங்கியிருக்கிறது. இத்தகைய பெயர்மாற்றங்களை முற்றிலும் இகழ எனக்கு மனமில்லை. திருத்த இல்லம் என்று பெயர் வைத்துவிட்டால், திருத்துவதற்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கும் உரிமையாவது பிறக்கிறது. 'ரிஸ்ட்ரெயின்ட்' அந்த உரிமையைக்கூடத் தரவில்லை.

அஸ்ஸாம் அரசின் 2021 ஆகஸ்ட் அறிவிப்பை மங்கலத்தில் சேர்ப்பதா, இடக்கரடக்கலில் சேர்ப்பதா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. அயல்நாட்டவர் எனத் தீர்ப்பாயங்கள் அறிவித்தவர்களை அடைத்து வைத்திருந்த இடங்களின் பெயர் அதுவரை 'டிடென்ஷன் சென்டர்'. அவ்வறிவிப்பு அதை 'ட்ரான்சிட் கேம்ப்' என்று மாற்றியது. கடந்து செல்லும் வழியில் தங்குமிடம் என்று பொருள். கோல்பாரா மாவட்டத்து மாட்டியாவில் 3,000 பேர் தங்கும் அளவில் கட்டப்பட்ட வளாகத்துக்கும் அதே பெயர்தான். 'ட்ரான்ஸ்போர்ட்டேஷ'னில் இருந்த அதே இலத்தீன முன்னொட்டு இங்கே திரும்பி வந்திருக்கிறது. கடந்து செல்வதற்கு மறுகரையில் ஒரு நாடு வேண்டும். தம்முடையவர் என்று எந்த நாடும் ஏற்காத மனிதர் இந்த முகாமிலிருந்து எங்கே கடந்து செல்வார் என்பதை அறிவிப்பு சொல்லவில்லை.